மூழ்கும் நிலம் உயர்ந்தது எப்படி? அந்தமான் நிக்கோபாரின் நிலவியல் வரலாறு

ஹைதராபாத்தின் பாலாநகரில் தேசியத் தொலையுணர்வு மையம் இருக்கிறது. இந்தியச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைப் பதப்படுத்தி வரைபடமாக்கித் தருவது அதன் வேலை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது அதன் பெயர் தேசியத் தொலையுணர்வு முகமை. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் எடுத்த அந்தமான் நிக்கோபார் படங்களை அருகருகே வைத்தபோது, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செய்திகள் கிடைத்தன. நிக்கோபாரில் டிரிங்கட் தீவு துண்டுபட்டிருந்தது. கச்சாலின் கரையோரத் தாழ்நிலங்களில் கடல் நின்றது. வடக்கே அந்தமானின் மேற்குக் கரையில் நடந்ததோ நேர்மாறு. இன்டர்வியூ தீவையும் வடக்கு சென்டினலையும் சுற்றி, அதுவரை நீருக்கடியில் கிடந்த பவளத்திட்டுகள் வெளியே வந்து வெளிறிய வளையமாகத் தெரிந்தன. ஒரே நிலநடுக்கத்தில், ஒரே தீவுக்கூட்டத்தில், ஒரு பகுதி இறங்கியது, இன்னொரு பகுதி ஏறியது.

இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. பெரும் நிலநடுக்கம் ஒவ்வொன்றும் நிக்கோபாரை ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ கீழே தள்ளுமானால், சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை அப்படி நடக்குமானால், அந்தத் தீவுகள் எப்போதோ கடலுக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. பெரிய நிக்கோபாரின் துல்லியர் மலை 642 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. வடக்கு அந்தமானின் சேடில் சிகரம் 732 மீட்டர். மூழ்கிக்கொண்டே இருக்கும் நிலம் உயர்ந்து நிற்பது எப்படி? 170 ஆண்டுகளுக்கும் மேலாக நிலவியலாளர்கள் இந்தத் தீவுகளைப் பற்றி எழுதியவற்றை ஒருசேரப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது. 2004 இந்தத் தீவுகளுக்கு வெளியிலிருந்து நேர்ந்த விபத்து அல்ல. இவை உருவான முறையே அதுதான். கரை நிலையானது என்று நாம் வைத்திருக்கும் நினைப்பு இங்கே செல்லாது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தியாவைச் சுற்றியுள்ள தீவுகள் எல்லாம் ஒரே வகையல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இலங்கை, தீபகற்பத்தின் பழைய பாறையின் தொடர்ச்சி; இடையிலுள்ள பாக் நீரிணை மிக ஆழம் குறைந்தது. உலகக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடலே இல்லை. லட்சத்தீவு வேறு கதை: கடலடியில் வடக்கு தெற்காகக் கிடக்கும் எரிமலை முகட்டின் மேல் பவளம் கட்டிய வளையங்கள் அவை. அந்தமான் நிக்கோபார் இந்த இரண்டிலும் சேராது. இந்தியத் தட்டு கிழக்கே சென்று இன்னொரு தட்டின் அடியில் நுழையும் விளிம்பில், அந்த நுழைவினாலேயே எழுந்த நிலம் இது. பாலாநகர் நிற்கும் கிரானைட்டுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அந்தமானின் மூலப்பாறைகளுக்கோ சுமார் 9.5 கோடி ஆண்டுதான். தக்காணம் அசையாமல் கிடந்த நீண்ட காலத்தின் கடைசித் துளியில்தான் இந்தத் தீவுகளின் வரலாறு முழுவதும் நடந்து முடிந்திருக்கிறது. முடிந்திருக்கிறது என்று சொல்வதுகூடச் சரியல்ல, அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. 1840களில் டென்மார்க்கின் கலத்தியா கப்பல் பயணத்தையொட்டி நிக்கோபாருக்கு வந்த ரிங்க், 1858இல் ஆஸ்திரியாவின் நொவாரா கப்பலில் வந்த ஹோக்ஸ்டெட்டர் ஆகியோர் கரையோரப் பாறைகளைப் பார்த்து முதல் குறிப்புகளை எழுதினார்கள். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முறை. 1885இல் ஓல்டாம் அந்தமானின் பாறைகளை வகைப்படுத்தினார். அதே காலத்தில் மாலெட் பேரன் தீவு, நார்கொண்டம் எரிமலைகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1911இல் அந்தமானின் நிலவியல் பற்றிய டிப்பரின் நூல் வந்தது. மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் தெற்கே கடலுக்குள் இறங்கி, அந்தமானாகவும் நிக்கோபாராகவும் தலைகாட்டி, சுமத்திராவுக்கு அப்பாலுள்ள தீவுகளாகத் தொடர்கிறது என்பது அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த பொதுச் சித்திரம். இதைத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. அமைப்பு உண்மையிலேயே தொடர்கிறது. வரைபடத்தில் அந்த வில்லை யாரும் பார்க்கலாம். தவறியது காரணத்தில்தான். ஒரு மலைத்தொடர் முழுமையாக எழுந்து நின்று, பின் பாதி மூழ்கியது என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது கடலுக்கடியிலேயே கட்டப்பட்டு, உச்சிகள் மட்டும் வெளியே வந்த மலை.

அதற்கான சாட்சியைப் பாறைகளே தருகின்றன. ரட்லாண்ட் தீவிலும், தெற்கு, மத்திய, வடக்கு அந்தமானின் கிழக்குப் பகுதிகளிலும் ஓஃபியோலைட் எனப்படும் பாறைத்தொகுதி வெளித்தெரிகிறது. கீழே புவியின் மேலுறைக்குரிய பச்சை கலந்த கரும்பாறை, அதன் மேல் காப்ரோ, அதற்கும் மேல் கடல் தரையில் பீறிட்டு உருண்டை உருண்டையாக உறைந்த எரிமலைக் குழம்பு, உச்சியில் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய சிவப்புச் செர்ட். பெருங்கடலின் தரையை வெட்டியெடுத்து கீழிருந்து மேலாகப் பார்த்தால் என்ன வரிசை கிடைக்குமோ, அதே வரிசை. இந்தத் தொகுதியிலுள்ள சிர்கான் படிகங்களின் யுரேனியம் - ஈயக் கணக்கு சுமார் 9.5 கோடி ஆண்டு என்கிறது. ஆக, தீவின் முதுகெலும்பாக இருப்பதே ஒரு காலத்துக் கடலடி. கண்டத்திலிருந்து பிரிந்த துண்டென்றால் இங்கே கிரானைட்டும் நைஸும் இருந்திருக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களில் பலர் இந்த இடத்தில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தீவுகள் கடல்கொண்ட பழைய கண்டத்தின் மிச்சமாக இருக்கக்கூடாதா? மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைக்கும் நிலம் ஒன்று இருந்தது என்று 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்று யாரும் அறியாத காலத்தில் அது நியாயமான ஊகம். பின்னர் அது தமிழ்நாட்டில் குமரிக்கண்ட நம்பிக்கையோடு கலந்தது. நில இழப்பைப் பற்றிய பழைய நினைவை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கடல் நம் கரைகளைக் கொண்டது உண்மை, அதற்கான சான்றைப் பின்னால் பார்ப்போம். ஆனால் மூழ்கிய கண்டத்தின் உச்சிகளாக இருந்தால் அந்தமானின் அடிப்பாறை கண்டத்தின் பாறையாக இருந்தாக வேண்டும். அது கடல் தரையாக இருக்கிறது. இங்கே நிலம் கடலாகவில்லை, கடலடிதான் நிலமாகியிருக்கிறது.

ஓஃபியோலைட்டுக்கு மேலே வருபவை படிவுப் பாறைகள். இயோசீன் காலத்து மிதாகாரி தொகுதியில் கூழாங்கற்பாறையும், நியூமுலைட் என்னும் காசு வடிவ உயிரிகள் செறிந்த சுண்ணாம்புக் கல்லும் உண்டு. அதற்கடுத்தது, ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தமான் ஃபிளிஷ். போர்ட் பிளேரின் (2024 முதல் ஶ்ரீ விஜயபுரம்) கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகிறவர்கள் நீர் வடிந்த நேரத்தில் இதை அருகே பார்க்கலாம். மணற்கல் ஒரு பட்டை, களிக்கல் ஒரு பட்டை, மீண்டும் மணற்கல் என்று சாய்ந்து நிற்கும் அடுக்குகள். ஒவ்வொரு மணற்கல் பட்டையின் அடிப்பகுதியிலும் பருமனான மணல், மேலே போகப் போக நுண்மணல், முடிவில் களி. கலங்கிய நீரோட்டம் ஒன்று கடலடிச் சரிவில் பாய்ந்துவந்து, வேகம் குறையக் குறையச் சுமையை இறக்கிவைத்ததற்கான அடையாளம் அது. ஒரு பட்டை ஒரு பாய்ச்சல். அப்படி ஆயிரக்கணக்கான பாய்ச்சல்கள் சேர்ந்து கிலோமீட்டர் கணக்கில் தடித்த படிவு இது; ஆழ்கடலில் கிடையாகப் படிந்தது இன்று கரையில் செங்குத்தான சாய்வில் எழுந்து நிற்கிறது.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் சர்ச்சை இருக்கிறது. அப்போதுதான் எழத் தொடங்கியிருந்த இமயத்திலிருந்து வங்காள விரிகுடாவின் தரை வழியாக வந்தது என்பது ஒரு தரப்பு. மியான்மரின் எரிமலை வில்லிலிருந்தும் பழைய ஐராவதி ஆற்றிலிருந்தும் வந்தது என்பது மறு தரப்பு. மணல் துகள்களிலுள்ள கனிமங்களையும் சிர்கான் வயதுகளையும் ஒப்பிட்டு இரு தரப்பும் வாதிடுகின்றன. ஃபிளிஷில் கண்டத்து மணலின் பங்கு மிகுந்தும், அதற்கு முந்தைய மிதாகாரியில் எரிமலைச் சிதைவின் பங்கு மிகுந்தும் இருப்பதால், கால ஓட்டத்தில் மூலம் மாறியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நம் கேள்விக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: மணல் எங்கிருந்து வந்திருந்தாலும், அது ஆழ்கடலில் படிந்து பின்னர் மேலே ஏற்றப்பட்டது. தோசைத் திருப்பியால் கல்லைச் சுரண்டும்போது அதன் முன்விளிம்பில் பொருக்கு குவிவதுபோல, உள்நுழையும் இந்தியத் தட்டின் மேலிருந்த படிவுகளை எதிர்த்தட்டின் விளிம்பு சுரண்டிச் சேர்த்தது. தட்டின் பெரும்பகுதி அடியில் போய்விட்டது. சுரண்டப்பட்டவை அடுக்கின் மேல் அடுக்காகக் குவிந்து மேலெழுந்தன. ஓஃபியோலைட்டும் ஃபிளிஷும் அடுத்தடுத்த பட்டைகளாக, கிழக்கு நோக்கிச் சாய்ந்த பிளவுகளால் பிரிக்கப்பட்டு நிற்பதற்கு இதுவே காரணம்.

உயர்வுக்கு மிகத் தெளிவான சான்று இன்னும் இளைய படிவுகளில் கிடைக்கிறது. ரிச்சி தீவுக்கூட்டத்தில், ஹாவ்லாக்கிலும் (இன்றைய ஸ்வராஜ் தீவு) நீலிலும் (ஷஹீத் தீவு) தெரியும் வெளிர் நிறச் சுண்ணக்களிப் பாறைகள் மயோசீன், பிளையோசீன் காலத்தவை. ஃபொராமினிஃபெரா முதலான நுண்ணுயிர்களின் ஓடுகள் கரையிலிருந்து விலகிய அமைதியான கடலடியில் மெல்லப் படிந்து உண்டானவை. கார் நிக்கோபாரில் இதே கதை மேலும் சுருக்கமாகத் தெரியும். அந்தத் தட்டையான தீவின் அடியில் சாம்பல் நிறக் களிக்கல், மேலே மூடியாகப் பவளச் சுண்ணாம்பு. பவளம் நீருக்கு வெளியே வளராது. அது நிலத்தின் மேல்மூடியாக இருக்கிறதென்றால் அந்த நிலம் கடலிலிருந்து ஏறியிருக்க வேண்டும். கடல் மட்டம் இறங்கியதால் பவளம் வெளியே வந்திருக்கலாமே என்று கேட்கலாம். பவளத்துக்கு மட்டும் அந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆழ்கடல் களிக்கும் சாய்ந்து நிற்கும் ஃபிளிஷுக்கும் பொருந்தாது. கடல் இறங்கினால் படிவுகள் சாய்வதில்லை.

அடியில் போன தட்டின் கதை கிழக்கே தெரிகிறது. ஆழத்தில் அதிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அந்தக் குழம்பு ஏறிவரும் இடம்தான் எரிமலை வரிசை. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவிலுள்ள பேரன் தீவு, இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலை. கடல் தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் எழும் அந்த மலையில் நீருக்கு மேல் தெரிவது சில நூறு மீட்டர் மட்டுமே. 1787இலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெடித்தது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் விழித்தது. அதற்கு வடக்கே, இருவாசிப் பறவைக்குப் பெயர்பெற்ற நார்கொண்டம் இன்று உறங்குகிறது. சுமத்திராவின் டோபாவும் இதே வில்லில்தான் இருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது பறந்த சாம்பல் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் படிவாகக் கிடைக்கிறது. தக்காணத்துக்கும் இந்த வில்லுக்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்களுக்கு அந்தச் சாம்பல் அடுக்கு போதிய பதில். தீவுகளுக்குக் கிழக்கே அந்தமான் கடல் திறந்தது. நீண்ட காலம் இழுபட்டு மெலிந்த அந்த நிலப்பகுதியில், சுமார் 40 இலட்சம் ஆண்டுகளாகப் புதிய கடல் தரை உருவாகிவருகிறது என்பது நிலவியலாளர் ஜோசப் கரேயின் கணிப்பு.

இனி 2004. சுமத்திராவின் வடமேற்கே தொடங்கிய பிளவு சுமார் பத்து நிமிடங்களில் 1,300 கி.மீ. வடக்கே ஓடி அந்தமானின் எல்லை வரை வந்தது. ஹைதராபாத் உப்பலிலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கஹலாவத் குழு, தீவுகளில் முன்பே அளந்து வைத்திருந்த புள்ளிகளை ஜி.பி.எஸ். கொண்டு மறுபடி அளந்தது. தீவுகள் தென்மேற்கு நோக்கி 1.5 முதல் 6.5 மீட்டர் வரை நகர்ந்திருந்தன. பெரும்பாலான புள்ளிகள் இறங்கியிருந்தன. வடக்கே டிக்லிபூர்ப் பக்கம் மட்டும் அரை மீட்டரளவு ஏறியிருந்தது. போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் இறங்கியதில் சிப்பிகாட்டின் வயல்களில் உப்புநீர் ஏறி நின்றது, வடியவில்லை. நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில், 1972 முதல் கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. அங்கே இறக்கம் நான்கு மீட்டருக்கும் மேல். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால், மிக அதிகமானோரை இழந்த தீவுகளில் ஒன்று.

இந்த அளவுகளை ஐயுறுவோரும் உண்டு. அலை மணலை அரித்துக்கொண்டு போனதையே நிலம் இறங்கியதாகப் படங்கள் காட்டுகின்றன என்பது அவர்கள் வாதம். சில கடற்கரைகளில் அரிப்பும் நடந்தது உண்மை. ஆனால் மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே விடையைச் சொல்கின்றன. மெல்ட்ஸ்னர் முதலான ஆய்வாளர்கள் ஒவ்வொரு செயற்கைக்கோள் படமும் எடுக்கப்பட்ட நேரத்தின் ஏற்றவற்ற உயரத்தைக் கணக்கிட்டு, அதன் பிறகே கரையை ஒப்பிட்டார்கள். ஜி.பி.எஸ். புள்ளிகள் பாறையில் பதித்தவை. அலையால் அவற்றை இறக்க முடியாது. மூன்றாவது சாட்சி பவளம். போரைட்டிஸ் வகைப் பவளக்கட்டி, கடல் மிகவும் வற்றும் மட்டம் வரைதான் மேல்நோக்கி வளரும். அதற்கு மேலுள்ள பகுதி வெயில் பட்டுச் செத்துவிடும். பக்கவாட்டில் மட்டும் வளர்ந்து, மேசை போலத் தட்டையான தலையோடு நிற்கும். மேற்கு அந்தமானில் இந்தத் தலைகள் ஒரு மீட்டருக்கும் மேல் வெளியே வந்து, உச்சி முதல் இடுப்பு வரை வெளுத்துச் செத்து, ஆங்காங்கே அடிவிளிம்பில் மட்டும் உயிரோடு இருந்தன. செத்த உச்சிக்கும் உயிருள்ள விளிம்புக்கும் இடையிலான உயரம்தான் நிலம் ஏறிய அளவு. மனிதர் வைத்த கருவி எதுவும் இல்லாத சென்டினல் போன்ற தீவிலும் இந்த அளவுகோல் இருந்தது.

இப்போது நம் கேள்விக்கு வரலாம். இரண்டு தட்டுகளும் உரசும் முகம் நூற்றாண்டுக் கணக்கில் பூட்டிக்கொண்டு கிடக்கிறது. கீழே போகும் தட்டு மேல்தட்டின் மேற்கு விளிம்பைத் தன்னோடு கீழே இழுக்கிறது. அதனால் சற்றுக் கிழக்கே உள்ள பகுதி மெல்ல வளைந்து புடைக்கிறது. பூட்டு விடுபடும் நாளில் மேற்கு விளிம்பு துள்ளி ஏறுகிறது, புடைத்திருந்த கிழக்கு இறங்குகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவிலுள்ள அச்சுக்கோடு அந்தமானின் ஊடே போகிறது. நிக்கோபார்த் தீவுகள் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே கிடக்கின்றன. ஆகவே 2004இல் நிக்கோபார் இழந்த உயரத்தின் பெரும்பகுதி, அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அது கடனாகப் பெற்றிருந்த உயரம். நிலநடுக்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் போர்ட் பிளேர் மெல்ல மேலெழும்பியதை ஜி.பி.எஸ். பதிவு காட்டியது.

ஆனால் இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வளைவும் நிமிர்வும் மட்டும்தான் நடக்கின்றன என்றால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மிச்சம் பூஜ்யமாக இருக்கும். 732 மீட்டர் சிகரம் வராது. எனவே ஒவ்வொரு சுழற்சியிலும் திரும்பி வராத ஒரு சிறு பங்கு மேலே தங்கிவிட வேண்டும். புதிதாகச் சுரண்டப்பட்ட படிவு அடியில் போய்ச் சேர்வதால் மேலுள்ள குவியல் தடிக்கிறது. முதன்மைப் பிளவிலிருந்து கிளைத்த பிளவுகள் அடுக்குகளை மேலே தள்ளுகின்றன. இந்த மிச்சம் ஆண்டுக்கு மில்லிமீட்டரின் ஒரு பின்னம் என்றாலும், பத்து இலட்சம் ஆண்டுகளில் அது நூறு மீட்டர் கணக்கில் சேர்ந்துவிடும். 2004இல் நாம் பார்த்த மீட்டர்கள் இந்தக் கணக்கின் வரவும் செலவும். தீவு என்பது அதன் நிகர இருப்பு. பேரழிவாக நமக்குத் தெரிந்ததும் தீவைக் கட்டியதும் ஒரே இயக்கம் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

சுழற்சி என்றால் எத்தனை ஆண்டு? 1762 ஏப்ரல் 2இல் அரக்கான் கரை குலுங்கி, செதுபா, ராம்ரீ தீவுகள் உயர்ந்தன. 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் அருகே எழுந்த அதிர்வின் சுனாமி சென்னை, நாகப்பட்டினம் அலைமானிகளில் பதிவானது. அந்தப் பதிவுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்த ஓர்டிஸும் பில்ஹாமும் 2003இல் அதன் அளவை 7.9 என்று கணித்தார்கள், பெருஞ்சுனாமிக்கு ஓர் ஆண்டு முன்னால். 1941 ஜூன் 26இல் அந்தமானில் இன்னொன்று. இவை எதுவும் 2004க்கு நிகரல்ல. அதற்கு நிகரானதைத் தேட மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது. தாய்லாந்தின் பிரா தோங் தீவிலும் சுமத்திராவின் ஆச்சேயிலும் களிமண்ணுக்கு நடுவே கடல்மணல் அடுக்குகள் கிடைத்தன. 2004க்கு முந்தையது 14ஆம் நூற்றாண்டை ஒட்டியது, அதற்கு முந்தையது சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் சி.பி. ராஜேந்திரன் குழு கண்ட மணல் அடுக்கும் அதே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சோழர் காலத்தைச் சேர்ந்தது. புயலும் மணலைக் கொண்டுவரும் என்ற மறுப்பு நியாயமானதே. ஓர் ஊரின் ஓர் அடுக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடலின் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்து அடுக்குகள் வரும்போது புயல் விளக்கம் வலுவிழக்கிறது. தெற்கு அந்தமானின் படாபாலு கடற்கரையில் அகழ்ந்த கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஜாவேத் மாலிக் குழு, பெருநிலநடுக்கங்களின் இடைவெளியை 420 முதல் 750 ஆண்டு என்று 2019இல் மதிப்பிட்டது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறிப்பிடும் காலத்துக்கும் இன்றைக்கும் இடையே அந்தத் தீவு இரண்டு முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

இந்த எண்ணை ஆறுதலாக எடுத்துக்கொள்வோர் இருக்கிறார்கள். பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பரிமாற்றத் துறைமுகமும், விமான நிலையமும், நகரமும் சேர்ந்த, ரூ. 72,000 கோடி என்று அறிவிக்கப்பட்ட திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. பெரிய அதிர்வு வந்து போய்விட்டது, அடுத்தது நானூறு ஆண்டுக்குப் பிறகுதான், எந்தத் துறைமுகத்தின் ஆயுளும் அவ்வளவு இல்லை என்பது வாதம். இதை எளிதில் ஒதுக்க முடியாது. சராசரி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சராசரியை நம்பி இருந்தவர்களுக்கு இந்த வில் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. 1881இலும் 1941இலும் அதிர்ந்து ஓரளவு இறுக்கம் தளர்ந்த பகுதிகளையும் சேர்த்துத்தான் 2004 பிளந்தது. 2009 ஆகஸ்டில் கோகோ தீவருகே 7.5, 2010 ஜூனில் நிக்கோபார் அருகே 7.5. 2012 ஏப்ரல் 11இல் வந்த 8.6 தட்டு விளிம்பிலேயே இல்லை; தட்டு உள்நுழையும் ஆழ்கடல் அகழிக்கு வெளியே, இந்தியத் தட்டின் உடலுக்குள் நிகழ்ந்தது. அப்படி ஒன்று அவ்வளவு பெரிதாக வரும் என்று யாரும் கணித்திருக்கவில்லை.

அதோடு, துறைமுகத்துக்கு அதிர்வு மட்டும் சிக்கல் அல்ல, உயரமும் சிக்கல். எஃகும் கான்கிரீட்டும் அதிர்வைத் தாங்கும்படி கட்டலாம். பொறியாளர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கப்பல் அணையும் மேடையின் உயரத்தை எந்த மட்டத்திலிருந்து கணக்கிடுவது? 2004இல் ஒரே தீவின் கேம்ப்பெல் விரிகுடாவும் இந்திரா முனையும் ஒரே அளவில் இறங்கவில்லை. இப்போது அந்தத் தீவு மீண்டும் மெல்ல ஏறும் கட்டத்தில் இருக்கிறதா, எந்தக் கரை எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பது தெரிந்தாக வேண்டும். புவி வெப்பத்தால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஏறும் கடல் மட்டத்தை அதோடு சேர்த்துக் கழிக்க வேண்டும். பாலாநகரிலிருந்து சில கிலோமீட்டரில் பிரகதி நகரிலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை சென்னைக்கும் நாகைக்கும் இரண்டு மணி நேரம் வாங்கித் தரும். அகழிக்கு அருகிலேயே கிடக்கும் நிக்கோபாருக்கு நிமிடங்களைத்தான் தரும். அங்கே காப்பது எச்சரிக்கையைவிட, எங்கே குடியிருக்கிறோம் என்ற முடிவுதான்.

ஆகவே திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பெரிய நிக்கோபார், சிறிய நிக்கோபார், கச்சால், கார் நிக்கோபார் ஆகியவற்றின் இரு கரைகளிலும் தொடர்ந்து இயங்கும் ஜி.பி.எஸ். நிலையங்களும் அலைமானிகளும் வேண்டும். அகழிப் பக்கக் கடல் தரையில் ஜப்பான் வைத்திருப்பது போன்ற அளவிகள் வேண்டும். பவளத் தலைகளையும் கரையோரச் சதுப்பு மண்ணையும் தீவுதோறும் அகழ்ந்து, ஒவ்வொரு கரையும் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் எத்தனை முறை எவ்வளவு ஏறி இறங்கியது என்ற பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியல் பொதுவில் இருக்க வேண்டும்; துறைமுகம் கட்டுகிறவர்களுக்கு மட்டுமல்ல, 2004இல் ஊரை இழந்து, பெரிய நிக்கோபாரின் பழைய ஊர்களுக்குத் திரும்ப விரும்பும் நிக்கோபாரிகளுக்கும். எந்தக் கரைக்குத் திரும்புவது, எந்த உயரத்தில் வீடு கட்டுவது என்று தீர்மானிக்க அவர்களுக்குத்தான் அது முதலில் தேவை.